மருந்து அடிக்கும் முன்: புதிதாக வயலில் இறங்குகிறவர்களுக்கு

நாம் அதை மருந்து என்றுதான் சொல்கிறோம். "மருந்து அடிச்சாச்சா?" என்பது ஊரில் தினமும் காதில் விழுகிற பேச்சு. அதே ஊரில் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று யாராவது அலறிக்கொண்டு ஓடிவந்தால், எந்த மருந்து என்று விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் நஞ்சு. டப்பாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு இருந்தால், கீழே எழுதியிருப்பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

நான் டெல்டாக்காரன். குறுவை, சம்பா, கோடையில் பருத்தி, வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும். வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்புகிற தம்பிகள் என்னிடம் வந்து கேட்பது, "அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" என்று. கைபேசியில் ஒரு இலையின் படம் இருக்கும். அடிக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள் என்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் கடையில் கிடைக்காது. வயலில்தான் கிடைக்கும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

காலையில் வெயில் ஏறும் முன் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்த்தால் ஓரப் பயிர்தான் தெரியும். குறுக்குவாட்டில் நடந்து, அங்கங்கே நின்று, மொத்தம் ஒரு இருபது குத்தாவது (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துதான் குத்து) பார்க்க வேண்டும். நெல்லில் புகையான் இருக்கிறதா என்று பார்க்க இலையைப் பார்த்துப் பயனில்லை. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். குத்தை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து மறு கையால் மெல்லத் தட்டுங்கள். பழுப்பு நிறத்தில் எள் அளவுப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளும். அங்கேயே இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தூருக்குள்ளிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்து அந்தப் பூச்சியைக் கவ்விக்கொண்டு போவதையும் பார்க்கலாம். அந்தச் சிலந்தியையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. பொருளாதாரச் சேதநிலை என்பார்கள். பூச்சியால் ஆகும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டுவதற்கு முன், நாம் இறங்க வேண்டிய நிலை அது. புகையான் என்றால் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்து நிற்கிற ஒவ்வொரு தண்டுக்கும், ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்டுத்துளைப்பான் என்றால் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதம் குருத்துக் காய்தல். பூக்கும் பருவத்தில் 2 சதவீதம் வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்). இலைச்சுருட்டுப் புழு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலையைத் தின்றால்தான் கவலை. பூக்கும்போது கண்ணாடி இலையில், அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலையில், 5 சதவீதம். கதிர்நாவாய்ப் பூச்சிக்குப் பூக்கும் சமயத்தில் 100 கதிருக்கு 5, பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16.

புதிதாக வந்தவர்கள் பதறுவது பெரும்பாலும் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டுதான். நட்ட முதல் ஒரு மாதத்தில் இலை வெளுத்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் அந்த வயதில் நெற்பயிர் புது இலை விட்டு அதைச் சரிக்கட்டிவிடும். பதறிப்போய் அப்போது அடிக்கிற மருந்து முதலில் கொல்வது சிலந்தியையும், தட்டானையும், முட்டை ஒட்டுண்ணிக் குளவியையும். காவலாளிகளைக் கொன்றுவிட்ட வயலில் புகையான் வந்து இறங்கினால் தடுக்க ஆளில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் குறையாமல் பெருகும் என்று பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதைப் பார்த்து, 1986இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரேயடியாகத் தடை செய்தது.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. நாற்று நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் தண்டுத்துளைப்பானின் முட்டைகள் அதோடு போய்விடும். எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடைவழி) விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் தூர்வரை இறங்கும், பின்னால் மருந்து அடிக்க நேர்ந்தாலும் நடக்க வழி இருக்கும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கருகருவென்று நிற்கிற பயிரைத்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வருகின்றன. கத்தரியில் வாடித் தொங்குகிற குருத்தைப் புழுவோடு கிள்ளி அழித்து, ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைத்தால் காய்ப்புழுவின் தொல்லை குறையும். ஆரம்ப நிலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும்: ஏக்கருக்குப் பத்து கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் அடியுங்கள்.

கடையில்

எண்ணிப் பார்த்து, சேதநிலையைத் தாண்டிவிட்டது, அடித்தே ஆக வேண்டும் என்று ஆனால் சரி, கடைக்குப் போகலாம். போகும் முன் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு, மருந்தின் வணிகப் பெயரை விட்டுவிட்டு அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கடைக்காரரிடம் "பூச்சி இருக்கு, ஏதாவது குடுங்க" என்று நின்றால் மூன்று மருந்தும் ஒரு டானிக்கும் சேர்த்துக் கைக்கு வரும். மூன்று மருந்தைச் சேர்த்து அடித்தால் மூன்று மடங்கு கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. டப்பாவில் சேர்க்கலாம் என்று எழுதியிராத எதையும் சேர்க்காதீர்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாய்ந்து நிற்கிற சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் நஞ்சின் அளவு. சிவப்பு மிகக் கடும் நஞ்சு. மஞ்சள் கடும் நஞ்சு. நீலம் மிதமானது. பச்சை அதைவிடக் குறைந்தது. ஒரே வேலைக்கு இரண்டு மருந்து இருந்தால் நீலத்தையோ பச்சையையோ கேளுங்கள். ஆனால் பச்சை என்றால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நிறம் மனித உடம்புக்கு உடனடியாக ஆகும் கேட்டை மட்டும்தான் சொல்கிறது. தேனீக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பது உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் இருக்கும். அந்தத் தாளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். தமிழிலும் அச்சிட்டிருப்பார்கள். எழுத்துப் பொடியாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்தத் தாளில் மூன்றைத் தேட வேண்டும். உங்கள் பயிரின் பெயர் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மருந்து உங்களுக்கு இல்லை. அளவு ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா? பெரும்பாலும் ஹெக்டேருக்குத்தான் போட்டிருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இதைக் கவனிக்காமல் ஹெக்டேர் அளவை ஒரு ஏக்கரில் அடித்தால் இரண்டரை மடங்கு நஞ்சு போய்ச் சேரும்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். கடைசியாக அடித்ததிலிருந்து அறுவடை வரை விட வேண்டிய நாட்கள். இங்கேதான் காய்கறி போடுகிறவர்கள் சறுக்குகிறார்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 சதவீத மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கு 22 நாள், நெல்லுக்கு 47 நாள். மருந்து ஒன்றுதான், பயிருக்குப் பயிர் கணக்கு வேறு. கத்தரியில் காய்ப்பு தொடங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு தடவை பறிப்போம். அப்போது 22 நாள் மருந்தை அடித்தால், ஒன்று ஆறு பறிப்புக் காயைக் கீழே கொட்ட வேண்டும், அல்லது நஞ்சோடு உழவர் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் காய்ப்புக் கத்தரிக்கு அந்த மருந்தை எடுக்கவே கூடாது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு என்று தனியாக மருந்தடிக்காத நாலு செடி வைத்துக்கொண்டு, மற்றதைச் சந்தைக்கு ஏற்றுவது பல ஊரில் நடக்கிறது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடும், மாற்றி அடியுங்கள் என்பார்கள். சரிதான். ஆனால் பெயரை மாற்றினால் போதாது. இமிடாகுளோபிரிடுக்குப் பதில் தயாமீதாக்சாம் அடித்தால் மாற்றியதாக ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியை ஒரே வழியில் தாக்குகின்றன. குளோரான்ட்ரானிலிப்ரோலும் புளூபென்டியமைடும் அப்படித்தான். எது எந்தக் குடும்பம் என்பதையும் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கட்டும். லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற மருந்தைத் தொடாதீர்கள்.

அளவு: மூடிக் கணக்கு வேண்டாம்

"டேங்குக்கு ரெண்டு மூடி" என்பதுதான் ஊர்க்கணக்கு. மூடி கம்பெனிக்குக் கம்பெனி வேறு, டேங்கிலும் 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு. அடிக்கிறவர் நடை வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. இதைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும்.

33 அடிக்கு 33 அடி சதுரம் ஒன்றை வயலில் அளந்து குச்சி நடுங்கள். அது சரியாக இரண்டரை சென்ட், ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமாக நடக்கிற வேகத்தில் அந்தச் சதுரம் முழுக்க அடியுங்கள். மீதித் தண்ணீரை அளந்து, எவ்வளவு செலவானது என்று பாருங்கள். 5 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். 10 லிட்டர் டேங்குக்கு 20 டேங்க். ஏக்கருக்கு 60 மில்லி மருந்து என்றால் டேங்குக்கு 3 மில்லி. 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க், அதனால் டேங்குக்கு 4.8 மில்லி. நீங்கள் மெதுவாக நடக்கிறவர், 8 லிட்டர் செலவாகிறது என்று வையுங்கள். ஏக்கருக்கு 320 லிட்டர் ஆகிவிடும். அப்போதும் டேங்குக்கு 3 மில்லியே ஊற்றினால் 60க்குப் பதில் 96 மில்லி வயலுக்குப் போகும். இந்தச் சோதனையை அடிக்கப்போகிற ஆளை வைத்தே செய்யுங்கள்.

மில்லியை அளக்க ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று, அளவுக் குவளை ஒன்று. இரண்டும் மருந்துப் பெட்டியிலேயே இருக்க வேண்டும், அடுப்படிப் பக்கம் வரக் கூடாது.

வெறும் தண்ணீரை வைத்துக் கசிவையும் பார்த்துவிடுங்கள். மூடி, குழாய், விசைப்பிடி மூன்றும் கசியும் இடங்கள். மூடி வாஷர் தேய்ந்த டேங்கைத் தோளில் மாட்டியவரின் சட்டையைப் பின்னாலிருந்து பாருங்கள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஈரமாக ஒரு பட்டை இறங்கியிருக்கும். வேர்வை என்று அவர் நினைத்திருப்பார். தெளிக்கிறவர் உடம்பில் நஞ்சு ஏறும் முக்கிய வழி மூக்கு இல்லை, தோல். அந்த வாஷருக்குச் சில ரூபாய்தான்.

கலப்பதும் அடிப்பதும்

டேங்கில் பாதி தண்ணீர் ஊற்றிய பிறகே மருந்து. ஒன்றுக்கு மேல் சேர்க்க அனுமதி இருந்தால் தூள் முதலில், அப்புறம் தண்ணீரில் கலங்கி நிற்கிற திரவம், பிறகு எண்ணெய் போலப் பால் நிறமாகக் கரைவது, கடைசியில் ஒட்டுத்திரவம். கையை விட்டுக் கலக்காதீர்கள், நீளக் குச்சி போதும். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கலப்பது வழக்கம், ஆனால் கவிழ்ந்தால் அந்த வாய்க்கால் போகும் ஊர் அத்தனைக்கும் போய்ச் சேரும்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், தொப்பி, ரப்பர் பூட்ஸ். நம் வெயிலில் இதெல்லாம் கஷ்டம் என்பது உண்மை. அதனால்தான் காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நாலு மணிக்கு மேல் என்று நேரத்தை வைத்துக்கொள்கிறோம். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். துண்டு மருந்தை உறிஞ்சி ஈரமாகி, அதையே மணிக்கணக்காக முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையப் பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றார்கள். முகத்துக்கு மேலே நிற்கிற பயிருக்குள் நடந்து அடித்தால் அடித்ததெல்லாம் நம் மேலேயே விழும்.

கூலிக்கு ஆள் வைத்து அடிக்கிறீர்கள் என்றால் இதெல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டியது நீங்கள். "அவருக்குப் பழக்கம்" என்று சொல்லாதீர்கள். நஞ்சு யாருக்கும் பழகுவதில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் மண்ணைத் தூவிப் பாருங்கள். காற்றுக்குக் குறுக்காக நடந்து, மருந்து உங்களை விட்டு விலகிப் போகும்படி அடியுங்கள். அடித்த பயிருக்குள் திரும்ப நடக்காதபடி வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். பலத்த காற்றென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நெல் பூக்கும் சமயத்தில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பூ விரிந்திருக்கும், அப்போது அடிக்கவே கூடாது. காய்கறி பூத்திருந்தால் தேனீ அடங்கிய மாலைதான் நேரம். புகையானுக்கு அடிக்கும்போது நாசிலை (தெளிக்கும் முனையை) பயிரின் அடிவரை இறக்குங்கள். மேலாக அடித்தால் பூச்சி கீழே சுகமாக இருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். மெல்லிய குச்சியோ பழைய டூத்பிரஷ்ஷோ சட்டைப்பையில் இருக்கட்டும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவும்வரை வெற்றிலை, பீடி, டீ எதுவும் வேண்டாம்.

களைக்கொல்லிக்குத் தனி டேங்க்

இது நான் பட்டுக் கற்றது. ஒரு வருடம் மோட்டார் வைத்து முன்பட்டக் குறுவை நட்டிருந்தேன். மே மாதக் கடைசியில் ஆரை, கோரைக் களைகள் மண்டியதால் 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தேன். டேங்கை இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசி வைத்தேன். நாலு நாள் கழித்து அதே டேங்கில் பருத்திக்கு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கான மருந்து அடித்தேன். ஒரு வாரத்தில் பருத்தியின் புதுத்தளிர் முறுக்கிக்கொண்டது. விரிய வேண்டிய இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகக் குறுகி வந்தது. முதலில் வைரஸ் நோய் என்றே நினைத்தேன். பார்த்த வேளாண் அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "டேங்க்ல இதுக்கு முன்னாடி என்ன ஊத்தினீங்க?" அந்த அரை ஏக்கர் அப்புறம் தேறவில்லை. பருத்திக்கு 2,4-டி ஒரு சொட்டு போதும். பக்கத்து வயலில் அடித்ததன் காற்றே போதும். அன்றிலிருந்து களைக்கொல்லி டேங்குக்குச் சிவப்புப் பெயின்டில் பட்டை போட்டு, நாசிலையும் தனியாக வைத்திருக்கிறேன். பூச்சி மருந்துக்குக் கூம்பாகத் தூவும் நாசில், களைக்கொல்லிக்கு விசிறி போலத் தட்டையாக விழும் நாசில்.

களைக்கொல்லியில் நேரம்தான் எல்லாம். பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவை களை முளைக்கும் முன் போடுபவை. நட்ட மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள், ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, கையுறையோடு தூவ வேண்டும். வயலில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அதை வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது. களை முளைத்து வந்துவிட்ட பிறகு இதைப் போடுவது வீண். முளைத்த களைக்கு வேறு மருந்து, அதுவும் அது இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது. எந்தக் களை என்று தெரியாமல் வாங்காதீர்கள். 2,4-டி அகன்ற இலையையும் கோரையையும் பார்க்கும், குதிரைவாலிப் புல்லை விட்டுவிடும். தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். சேற்றுத் தண்ணீரில் கலந்தால் கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் மண்துகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது.

இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. வரப்பில் அடிக்கத்தானே என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகும். அதை வாங்கி வீட்டில் வைக்காமல் இருப்பதே நல்லது. கோனோவீடரும் (உருட்டிக் களை எடுக்கும் கருவி) கைக்களையும் இருக்கின்றன.

அடித்த பிறகு

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி வயலிலேயே அடித்துவிடுங்கள். பிறகு டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கி, வீடு, கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாமல் ஆழமாகப் புதையுங்கள். எரிக்காதீர்கள். கழுவிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றவோ, கொல்லைக்குத் தண்ணீர் எடுக்கவோ வைத்துக்கொள்ளவும் கூடாது. மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைப்பது இன்னும் ஆபத்து. பள்ளி விட்டுத் தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது குளிர்பானம்தான். மருந்து எப்போதும் அதன் சொந்த டப்பாவில், பூட்டிய பெட்டியில், தீவனமும் விதையும் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டும். பூட்டு பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. கோபத்திலோ துக்கத்திலோ கை நீட்டுகிற ஒரு நிமிடத்தில் அது எட்டாமல் இருந்தால் பல உயிர் தப்பும்.

வரப்பில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். பக்கத்து வயல்காரருக்கும், மாட்டுக்குப் புல் அறுக்க வருகிற அக்காக்களுக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், வாத்துக்காரருக்கும் வாயாலும் சொல்லிவிடுங்கள். மறுநாள் களை எடுக்க ஆள் விடாதீர்கள். துண்டுத்தாளில் வேறு நாள் சொல்லியிருந்தால் அதன்படி. மருந்தடித்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

அடிக்கும்போதோ அடித்த இரவிலோ தலைவலி, வாயில் எச்சில் ஊறுதல், அதிக வேர்வை, கண் மங்கல், தசை துடித்தல், வாந்தி வந்தால் "வெயில் தாக்கிடுச்சு" என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடுப்பைக் கழற்றுங்கள், சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விடுங்கள். உப்புத் தண்ணீரோ பாலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், கையோடு அந்த டப்பாவை எடுத்துப் போங்கள். சில நஞ்சுகளுக்கு அட்ரோபின் போன்ற முறிமருந்து உண்டு. எது உள்ளே போனது என்று தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சமாகும்.

கடைசியாக நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, வயல், பார்த்த பூச்சி, எண்ணிக்கை, மருந்தின் வேதிப்பெயர், தொகுதி எண், டேங்குக்கு எத்தனை மில்லி, எத்தனை டேங்க், பறிக்கக் கூடாத கடைசித் தேதி. ஐந்து நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் எண்ணி, அந்த எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். என் நோட்டில் பல பக்கங்களில் மருந்து என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு அடிக்காமல் திரும்பிய நாட்கள் அவை.